ஃபைனல், ஃபைனல்-2, சத்தியமா ஃபைனல்... போதும் பாஸ்!

உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் திறங்க பாஸ். டெஸ்க்டாப்பில் 'புராஜெக்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பக்கத்திலேயே 'புராஜெக்ட் நியூ', 'புராஜெக்ட் ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்', 'சத்தியமா இதுதான் ஃபைனல்'... இருக்கா? அப்போ கையைக் கொடுங்க, நீங்க நம்ம ஆளு!

எந்த ஃபைனலில் லாகின் ஓடுது, எந்த ஃபைனலில் ரிப்போர்ட் வருதுன்னு அந்த ஃபோல்டரைப் படைச்சவருக்கே தெரியாது. ரிவ்யூ அன்னைக்குக் காலையில் ஒவ்வொண்ணா திறந்து பார்த்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் தப்பான ஃபைனலை எடுத்துட்டுப் போவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன செமஸ்டர் வரைக்கும்.

மினி புராஜெக்ட். நாங்க நாலு பேர். ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு டோக்கன் புக்கிங் செய்யுற ஒரு சின்ன வெப்சைட். நைட்டு சாப்பிடுவோமா, வெளியில போறோமான்னு சாயங்காலமே சொல்லிட்டா, மிச்சமாகிக் கொட்டுற சாப்பாடு குறையுமேன்னு ஐடியா. டீம்ல நான், என் ரூம்மேட், டே ஸ்காலர் தோழி ஒருத்தி, அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டுகிற நாலாவது ஆள். எல்லா டீமிலும் அப்படி ஒருத்தர் உண்டுதானே!

ரூம்மேட்கிட்ட லேப்டாப் கிடையாது. பகலில் நான் காலேஜ் லேபில் உட்கார்ந்து என் பகுதியை எழுதி பென் டிரைவில் கொண்டு வருவேன். ராத்திரி என் லேப்டாப் அவனுக்கு. செகண்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி தொடர்ந்து மூணு ராத்திரி முழிச்சு, மெஸ் மேனேஜருக்கான ரிப்போர்ட் பக்கம் முழுக்க அவன் எழுதி முடிச்சிருந்தான். நாலாவது நாள் சாயங்காலம் நான் லேபிலிருந்து வந்தேன். பென் டிரைவைச் சொருகினேன். ஃபோல்டரை அப்படியே இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டேன். 'இதே பேரில் ஃபைல் இருக்கு, மாத்தவா?'ன்னு விண்டோஸ் கேட்டுச்சு. அது எப்பவும் கேக்குறதுதானேன்னு 'ஆமாம்' அமுக்கினேன்.

அவ்வளவுதான். மூணு ராத்திரி காலி. ரீசைக்கிள் பின்னில் தேடினால் கிடைக்காது பாஸ். அழிச்ச ஃபைல்தான் அங்கே போகும், மேலேயே எழுதப்பட்ட ஃபைல் போகாது.

அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி விடுடா"ன்னு சொல்லிட்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டான். மறுநாள் ரிவ்யூவில், "உன் மாட்யூல் எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. அவன் "முடிக்கலை சார்" என்றான். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். வாயைத் திறக்கலை. டீமில் அவனுக்குத்தான் மார்க் கம்மி.

அந்த வாரம்தான் ஒரு சூப்பர் சீனியர், "ஏன்டா, நீங்கள்லாம் கிட் யூஸ் பண்ண மாட்டீங்களா?"ன்னு கேட்டார். கிட்டா? ப்ளேஸ்மென்ட்டுக்கு ரெஸ்யூமேயில் போடுற வார்த்தைன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்!

கோபத்தில் பிறந்த குழந்தை

கிட் என்பது ஒரு 'வெர்ஷன் கன்ட்ரோல்' மென்பொருள். உங்க ஃபோல்டர் எந்த நாளில் எப்படி இருந்தது, யார் எந்த வரியை மாத்தினாங்க, ஏன் மாத்தினாங்கன்னு எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். வேணும்னா பழைய நிலைக்குக் கூட்டிட்டுப் போகும்.

இதை எழுதினவர் லினக்ஸைப் படைச்ச அதே லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் கெர்னலுக்கு உலகம் முழுக்க இருந்து ஆட்கள் கோடு அனுப்புவாங்க. 2002-ல் இருந்து அதையெல்லாம் நிர்வகிக்க 'பிட்கீப்பர்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினாங்க. அது ஒரு கம்பெனியின் சரக்கு, லினக்ஸ்காரங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தாங்க. 2005-ல் தகராறு வந்து, அந்த இலவசத்தை கம்பெனி நிறுத்திடுச்சு. மார்க்கெட்டில் இருந்த மற்ற எதுவும் லினஸுக்குப் பிடிக்கலை. தானே உட்கார்ந்துட்டார். 2005 ஏப்ரல் 3-ம் தேதி ஆரம்பிச்சு, 7-ம் தேதி கிட்டின் கோடையே கிட்டுக்குள் வச்சு எழுதுற அளவுக்கு வந்துட்டார். ஜூன் மாசம் வந்த 2.6.12 கெர்னல் கிட் மூலமாகத்தான் வெளியாச்சு. ஜூலையில் ஜுனியோ ஹமானோ என்பவரிடம் பொறுப்பை ஒப்படைச்சுட்டு தன் வேலையைப் பார்க்கப் போயிட்டார். நமக்கு ஒரு லேப் ரெக்கார்ட் முடிக்கவே ரெண்டு வாரம் ஆகுது!

ஒரு குழப்பத்தை இப்பவே தீர்த்துடுவோம். கிட் வேற, கிட்ஹப் வேற. கிட் உங்க மெஷினில் ஓடுற மென்பொருள், இன்டர்நெட்டே இல்லாமலும் வேலை செய்யும். கிட்ஹப் என்பது 2008-ல் வந்த ஒரு வெப்சைட். உங்க கிட் ஃபோல்டரின் ஒரு நகலை அங்கே வச்சுக்கலாம், நண்பர்களோட பங்கு போட்டுக்கலாம். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு. 'கிட்ஹப் கத்துக்கணும்'னு ஆரம்பிக்கிறவங்க முதலில் கிட் கத்துக்கிட்டா போதும்.

கல்யாண போட்டோ தெரியும்ல?

கிட்டை இன்ஸ்டால் பண்ணிட்டு, கறுப்புத் திரையான டெர்மினலைத் திறங்க. பயப்படாதீங்க, கடிக்காது. முதல் வேலை, நீங்க யாருன்னு அதுக்குச் சொல்லணும். 'கிட் கான்ஃபிக்' கட்டளையில் 'குளோபல்' போட்டு உங்க பேரையும் ஈ-மெயிலையும் கொடுங்க. இந்த இடத்தில் நான் பண்ணின இன்னொரு சொதப்பலைப் பின்னாடி சொல்றேன்.

அடுத்து, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'கிட் இனிட்'. இதை ஒரு தடவை அடிச்சா போதும். ஃபோல்டருக்குள் புள்ளி வச்ச 'டாட் கிட்' என்று ஒரு மறைவான ஃபோல்டர் உருவாகும். மொத்தச் சரித்திரமும் அதுக்குள்ளதான். 'இது என்னடா குப்பை'ன்னு அதை டெலீட் பண்ணிடாதீங்க.

இப்போ எல்லாருக்கும் தலை சுத்துற இடம் வருது. ஃபைலை சேவ் பண்ணினால் மட்டும் கிட் அதை ஞாபகம் வச்சுக்காது. 'கிட் ஆட்', 'கிட் கமிட்' என்று ரெண்டு வேலை செய்யணும். ஏன் ரெண்டு? எனக்கும் ஒரு வாரம் புரியலை. அப்புறம் அக்கா பையன் காதுகுத்து ஆல்பத்தைப் பார்க்கும்போதுதான் பளிச்சுன்னு புரிஞ்சது.

கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்கிறதை நினைச்சுக்கோங்க. மண்டபம் முழுக்க சொந்தக்காரங்க. 'மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்கள்லாம் மேடைக்கு வாங்க'ன்னு போட்டோகிராபர் கூப்பிடுறார். கூப்பிட்டவங்க மட்டும் மேலே ஏறி நிக்கிறாங்க. அதுதான் 'ஆட்'. எல்லாரும் சரியா நின்னதும் க்ளிக். அதுதான் 'கமிட்'. பந்தியில் உட்கார்ந்திருக்கிறவங்க அந்தப் படத்தில் வர மாட்டாங்க, அவங்களுக்கு அடுத்த க்ளிக். கிட்டிலும் அந்த நடு இடத்துக்குப் பேரு 'ஸ்டேஜிங்'தான்! லாகின் சம்பந்தமான மூணு ஃபைலை மட்டும் மேடை ஏத்தி ஒரு கமிட், கலர் மாத்தின ஃபைலுக்குத் தனியா ஒரு கமிட். நாளைக்கு கலர் பிடிக்கலைன்னா அந்த ஒண்ணை மட்டும் 'கிட் ரிவெர்ட்' போட்டுத் திருப்பலாம், லாகினுக்கு ஒண்ணும் ஆகாது.

மேடையில் யார் நிக்கிறாங்க, யார் கீழே நிக்கிறாங்கன்னு தெரியணுமா? 'கிட் ஸ்டேட்டஸ்'. ஆரம்பத்தில் இதை எத்தனை தடவை அடிச்சாலும் தப்பில்லை. நான் மூணு கட்டளைக்கு ஒரு தடவை அடிப்பேன், பைக்கைப் பூட்டினோமான்னு திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஆல்பத்தைப் புரட்ட 'கிட் லாக்'. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து நீளத்தில் ஒரு நம்பர் இருக்கும். மிரளாதீங்க, முதல் ஏழு எழுத்தைக் கொடுத்தாலே பெரும்பாலும் கிட் கண்டுபிடிச்சுக்கும்.

கமிட் போடும்போது 'ஹைஃபன் எம்' சேர்த்து ஒரு வரி எழுதணும், போட்டோவுக்குப் பின்னாடி எழுதுவோமே, அந்த மாதிரி. எங்க ஆரம்ப கால வரிகள்: 'ஓடுது', 'இப்பவும் ஓடுது', 'ஏன் ஓடலை', 'ஐயோ'. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா எந்த ஐயோ எதுக்குன்னு தெரியலை. 'சனிக்கிழமை டோக்கன் ரெண்டு தடவை பதிவாவதைச் சரிசெய்தது' என்று எழுதினால் பின்னாடி நமக்கே புண்ணியம்.

அந்த 'ஹைஃபன் எம்'மை மறந்துட்டு வெறுமனே 'கிட் கமிட்' அடிச்சீங்கன்னா, பல மெஷின்களில் 'விம்' என்று ஒரு எடிட்டர் திறக்கும். உள்ளே போறது சுலபம், வெளியே வர்றதுதான்... எஸ்கேப் அமுக்கி, கோலன், 'க்யூ', ஆச்சரியக்குறி, என்டர். தப்பிச்சுடலாம். வெட்கப்படாதீங்க. விம்மில் இருந்து எப்படி வெளியே வர்றதுன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்காங்க!

என்ன மாத்தினோம்னு பார்க்க 'கிட் டிஃப்'. நீக்கின வரி கழித்தல் குறியோட, சேர்த்த வரி கூட்டல் குறியோட வரும். மாத்தினது பிடிக்கலையா? 'கிட் ரிஸ்டோர்' போட்டு ஃபைல் பேரைக் கொடுத்தால் பழைய நிலைக்குப் போயிடும். ஆனா ஜாக்கிரதை... ஆட்கூட பண்ணாத மாற்றம் இதில் போனால் போனதுதான். கமிட் பண்ணினதைத்தான் கிட் காப்பாத்தும். மேடையே ஏறாத ஆளை ஆல்பத்தில் தேட முடியாதே!

இன்டர்நெட்டில் பழைய டுட்டோரியல்கள் பார்த்தீங்கன்னா, எல்லாத்துக்கும் 'கிட் செக்கவுட்'னு ஒரே கட்டளையைச் சொல்லுவாங்க. அது இப்பவும் வேலை செய்யும். ஆனால் ஒரே ஆள் ரெண்டு வேலை செய்யுறது குழப்பமா இருக்குன்னு, 2019 ஆகஸ்ட்டில் வந்த 2.23 பதிப்பில் 'ஸ்விட்ச்', 'ரிஸ்டோர்'னு ரெண்டா பிரிச்சுட்டாங்க. புதுசா கத்துக்கிறவங்க இந்த ரெண்டையே பழகுங்க.

அதே மாதிரி, பழைய பாடங்களில் முக்கியக் கிளைக்கு 'மாஸ்டர்'னு பேர் இருக்கும். கிட்ஹப்பில் 2020 அக்டோபரில் இருந்து புது புராஜெக்ட்டுக்கு 'மெயின்'னுதான் பேர். ரெண்டும் ஒரே ஆள்தான்.

ஆளுக்கொரு கிளை

தனியா வேலை செய்யுற வரைக்கும் இவ்வளவு போதும். டீம்னு வந்தாதான் கதையே. கிட்ஹப்பில் ஒரு பிரைவேட் ரெப்போ திறந்து (இலவசம்தான்) மத்த மூணு பேரையும் சேர்த்தேன். அவங்க 'கிட் க்ளோன்' போட்டால், மொத்த ஃபோல்டரும் முழு சரித்திரத்தோட அவங்க மெஷினுக்கு வந்துடும். அதுக்கப்புறம் தினசரி ரெண்டே மந்திரம். வேலையை ஆரம்பிக்கும்போது 'கிட் புல்', முடிக்கும்போது 'கிட் புஷ்'. முதல் தடவை புஷ் பண்ணும்போது பாஸ்வேர்டு கேட்கும், சரியா அடிச்சாலும் ஏத்துக்காது. உங்க தப்பில்லை. 2021 ஆகஸ்ட் 13-ல் இருந்து டெர்மினலில் பாஸ்வேர்டு வாங்கிறதை கிட்ஹப் நிறுத்திடுச்சு. டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேணும். தோழி இந்த இடத்தில் மட்டும் ஒரு மத்தியானத்தைத் தொலைச்சா.

ஒருத்தர் கோடை இன்னொருத்தர் மிதிக்காமல் இருக்க, ஆளுக்கொரு கிளை. 'கிட் ஸ்விட்ச்' போட்டு 'ஹைஃபன் சி' சேர்த்து ஒரு பேர் கொடுத்தால் புதுக் கிளை தயார். அங்கே என்ன கூத்து வேணா அடிக்கலாம், மெயினுக்குத் தெரியாது. வேலை முடிஞ்சதும் மெயினுக்குத் திரும்பி 'கிட் மெர்ஜ்'.

ரெண்டு பேரும் ஒரே வரியை வேற வேற மாதிரி மாத்தியிருந்தா? அங்கேதான் 'கான்ஃப்ளிக்ட்'னு வரும். முதல் தடவை பார்த்தப்போ நான் லேப்டாப்பையே மூடிட்டேன். உண்மையில் அது திட்டு இல்லை பாஸ், கேள்வி. ஃபைலைத் திறந்தா ஏழு 'லெஸ் தேன்' குறி, நடுவில் ஏழு சமக்குறி, கீழே ஏழு 'கிரேட்டர் தேன்' குறி இருக்கும். மேல் பாதி உங்களுடையது, கீழ்ப் பாதி உள்ளே வர்றது. எது வேணும்னு நீங்க முடிவு பண்ணி, குறிகளை அழிச்சுட்டு, ஆட், கமிட். முடிஞ்சது! எங்க முதல் கான்ஃப்ளிக்ட், இரவு புக்கிங் நேரம் ஐந்து மணி வரையா, ஆறு மணி வரையா என்பது. நான் ஐந்துன்னு எழுதியிருந்தேன், அவன் ஆறு. யோசிச்சுப் பாருங்க, பென் டிரைவ் காலமா இருந்தா கடைசியா காப்பி பண்ணினவன் ஜெயிச்சிருப்பான், இப்படி ஒரு கருத்து வேறுபாடு இருந்ததே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மெஸ்ஸில் போய்க் கேட்டோம். ஐந்தரைன்னாங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி இதையெல்லாம் கோடில் எழுதி கமிட் பண்ணிடாதீங்க. பிரைவேட் ரெப்போதானேன்னு நினைக்கவே கூடாது. 2016-ல் உபர் கம்பெனியின் பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைஞ்ச ஆட்கள், அங்கே கிடந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிட்டுப் போனாங்க. அடுத்த கமிட்டில் அழிச்சுட்டாலும், பழைய கமிட்டில் அது உட்கார்ந்திருக்கும். சரித்திரத்தை மறக்காததுதானே கிட்டோட வேலையே! தவறி போட்டுட்டீங்கன்னா, முதலில் அந்தச் சாவியை ரத்து பண்ணிட்டு வேற வாங்குங்க. இனிமே நடக்காமல் இருக்க 'டாட் கிட்இக்னோர்' என்று ஒரு ஃபைல் வச்சு, எதையெல்லாம் கண்டுக்கக் கூடாதுன்னு அதில் எழுதிடலாம். 'நோட் மாட்யூல்ஸ்' மாதிரியான குண்டு ஃபோல்டர்களையும் அதிலேயே சேருங்க. 100 எம்பிக்கு மேல் ஃபைல் இருந்தால் கிட்ஹப் வாங்காது.

போனது வந்தது

தேர்டு ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, எப்பவும் கட்டைவிரல் காட்டும் நாலாவது ஆள் திடீர்னு சுறுசுறுப்பாகி, ஏதோ எரரைச் சரிசெய்ய நெட்டில் படிச்ச 'கிட் ரீசெட் ஹார்ட்' கட்டளையை எங்க லேப்டாப்பில் அடிச்சுட்டான். இன்னும் புஷ் பண்ணாத ஆறு கமிட் மாயம். ஆறும் ரூம்மேட்டுடையது. ராத்திரி ஒரு மணி. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. மறுபடியும் அவனுக்கா?

சூப்பர் சீனியருக்கு போன் போட்டோம். தூக்கக் கலக்கத்தில், "கமிட் பண்ணியிருந்தீங்கல்ல? ரீஃப்ளாக் போடு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டார். 'கிட் ரீஃப்ளாக்' அடிச்சோம். நீங்க எங்கெல்லாம் நின்னீங்க, எங்கே போனீங்கன்னு ஒரு பட்டியல் வந்தது. எந்தக் கிளையிலும் இல்லாமல் அநாதையாகிப் போன கமிட்டைக்கூட, நாம எதுவும் மாத்தாமல் இருந்தால் 30 நாள் வரைக்கும் அதில் பிடிக்கலாம். ரீசெட்டுக்கு முந்தின வரியில் இருந்த நம்பரை எடுத்து, அதில் இருந்து ஒரு புதுக் கிளை போட்டோம். ஆறும் வந்துடுச்சு! ரூம்மேட் அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு என் முதுகில் தட்டினான்.

இப்போ அந்தச் சொதப்பல். எல்லாம் சரியா இருக்கு, யார் எத்தனை கமிட்னு பார்ப்போம்னு 'கிட் ஷார்ட்லாக்' அடிச்சோம். என் பேரில் 60. தோழி பேரில் 22. நாலாவது ஆள் பேரில் ஒண்ணு (ஸ்பெல்லிங் திருத்தம்). ரூம்மேட் பேரே இல்லை!

புரிஞ்சுதா? லேப்டாப் என்னுது. 'குளோபல்' போட்டுப் பேர் கொடுத்தது நான். அதில் அவன் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து போட்ட ஒவ்வொரு கமிட்டும் என் பேரில்தான் பதிவாகியிருக்கு. பென் டிரைவில் ஒரு தடவை அழிச்சேன், இப்போ மொத்தத்தையும் என் கணக்கில் எழுதிக்கிட்டேன். ஒரே லேப்டாப்பை ரெண்டு பேர் பயன்படுத்துறீங்கன்னா, அவருக்குன்னு வேற ஃபோல்டரில் ஒரு க்ளோன் போட்டு, அதுக்குள் 'குளோபல்' இல்லாமல் 'கிட் கான்ஃபிக்' அடிச்சு அவர் பேரைக் கொடுங்க. அந்த ஃபோல்டருக்கு மட்டும் அது பொருந்தும். முதல் நாளே செய்யுங்க. ஏற்கெனவே புஷ் ஆன கமிட்களில் பேரை மாத்தணும்னா சரித்திரத்தையே திருப்பி எழுதணும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு அதைத் தொடற தைரியம் எங்க யாருக்கும் இல்லை.

மறுநாள் ரிவ்யூவில் லாகைத் திறந்து காட்டினேன். ராத்திரி பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவில் போட்டதெல்லாம் இவன் சார், பேர் மட்டும் என்னுது என்றேன். அப்படியே செகண்ட் ரிவ்யூவில் அவன் முடிக்கலைன்னு சொன்னதும் பொய், முடிச்சிருந்தான், அழிச்சது நான்தான்னு சொன்னேன். கைடு கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்ல மாட்டியா?"ன்னு கேட்டுட்டு, அவன் பக்கம் திரும்பி, ரிப்போர்ட் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி ஏன் இப்படி எழுதினேன்னு கேட்டார். பத்து நிமிஷம் பேசினான். பழைய மார்க்கை மாத்த முடியாதாம். புது மார்க் எங்க நாலு பேரில் அவனுக்குத்தான் அதிகம்.

இந்த செமஸ்டரிலும் அவன்தான் என் ரூம்மேட். மெயின் கிளையில் மெர்ஜ் பண்ற உரிமை அவன்கிட்ட இருக்கு. என் பென் டிரைவும் அவன்கிட்டதான் இருக்கு, கேட்டா தர மாட்டேங்கிறான்.